கடல் கடந்த இலிகிதர்: கோலாலம்பூரில் யாழ்ப்பாணத்து இளைஞர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதி தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்று தசாப்தங்கள் வரை யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்றனர். பதினெட்டு, இருபது வயதில் ஊர் நீங்கிய இவர்களது பயணம் பொதுவாகப் பொருள் தேடிய பயணமாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. அவர்கள் அனுப்பிய பணமும் கட்டிய கல்வீடுகளும் பேசப்பட்ட அளவுக்கு, முன்பின் அறியாத நகரொன்றில் அவர்கள் எவ்வாறு காலூன்றினர் என்பது பேசப்படவில்லை. மீண்டு வரும் எண்ணத்துடனேயே சென்றவர்கள், தம்மை அறியாமலே நிலையானதொரு சமூகத்துக்கு அத்திவாரமிட்டனர். இவ்வுண்மையைக் கோலாலம்பூர் நகரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

குடாநாடு ஆறுகளற்ற சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் தோட்டப் பயிர்களும் செய்த குடும்பங்களின் காணிகள், தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து சிறுத்துக்கொண்டிருந்தன. மறுபுறத்தில், 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் ஏனைய மிஷன்களும் ஆங்கிலக் கல்வியைப் பரப்பின. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அதன் உச்சமாக விளங்கியது. பின்னர் சைவப் பெரியோரும் தமக்கென ஆங்கிலப் பாடசாலைகளை நிறுவினர். ஆயின், கற்றவர் தொகை பெருகிய அளவுக்கு உத்தியோகங்கள் பெருகவில்லை. 1869இல் கோப்பிப் பயிரைத் தாக்கத் தொடங்கிய நோய் அடுத்த இரு தசாப்தங்களில் அத்தொழிலையே அழித்தமையால், இலங்கையில் அரசாங்க வேலைவாய்ப்பும் சுருங்கியது. நிலமும் போதாமல், உத்தியோகமும் கிட்டாமல் நின்ற படித்த இளைஞன் கடலுக்கு அப்பால் நோக்கியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் மலாயாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 1874இல் பேராக்கில் தொடங்கிய பிரித்தானிய மேலாதிக்கம் விரைந்து பரவியது. 1896இல் மலாய் ஐக்கிய நாடுகள் அமைந்தபோது கோலாலம்பூர் அதன் தலைநகராயிற்று. தைப்பிங்கிலிருந்து துறைமுகத்துக்கு 1885இலும், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாக 1886இலும் புகையிரதப் பாதைகள் திறக்கப்பட்டன. இலிகிதர், நிலைய அதிபர், நில அளவையாளர், படவரைஞர் என ஆங்கிலம் அறிந்தோர் பலர் வேண்டப்பட்டனர். சீனர் பெரும்பாலும் ஈயச் சுரங்கத்திலும் வணிகத்திலும், மலாயர் பெரும்பாலும் கிராம வேளாண்மையிலும் ஈடுபட்டிருந்தனர். இலங்கையில் முன்னர் கடமையாற்றி மலாயாவுக்கு மாற்றம் பெற்ற ஆங்கில அதிகாரிகள் யாழ்ப்பாணத்தவரின் திறமையை அறிந்திருந்தனர். இலங்கைப் பொதுவேலைப் பகுதியிலிருந்து சென்று சிலாங்கூரின் அரசாங்கப் பொறியியலாளராகிப் பின்னர் மலாய் ஐக்கிய நாடுகளின் புகையிரதப் பகுதிக்குத் தலைமை தாங்கிய ஸ்பூனர் இவர்களுள் முக்கியமானவர்.

கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1905இலேயே நிறைவுற்றது. ஆகவே முற்பட்டோருக்குக் கொழும்பை அடைவதே பெரும் பயணமாயிருந்தது. ஆங்கிருந்து கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய இளைஞனின் கையில் பெரும்பாலும் ஒரு கடிதமும் ஒரு முகவரியும் இருந்தன. முகவரிக்குரியவர் தாய்மாமனாகவோ, ஒன்றுவிட்ட தமையனாகவோ, அயல் வளவுக்காரராகவோ இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையே புதியவனின் முதல் உறைவிடம்; அவர் சொல்லும் ஒரு வார்த்தையே கந்தோரில் அவனுக்குரிய சிபாரிசு. வேலை கிடைத்தபின் மணமாகாதோர் பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமையற் செலவைப் பகிர்ந்துகொள்வர். இன்று தங்க இடம் பெற்றவன் சில ஆண்டுகளில் ஊரிலிருந்து வரும் மற்றொருவனுக்கு இடங்கொடுப்பான். இச்சங்கிலித் தொடரே குடாநாட்டுக் கிராமங்களைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியுடன் பிணைத்தது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற அப்பகுதி, புகையிரத ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது.

ஊரை இழந்தவர்கள் ஊரின் நிறுவனங்களை அந்நகரில் மீண்டும் உருவாக்கினர். 1900இல் சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் தோன்றியது. 1904இல் விவேகானந்த ஆச்சிரமம் அமைந்தது. பிரிக்பீல்ட்ஸில் எழுந்த கந்தசுவாமி கோயில் 1909இல் குடமுழுக்குக் கண்டது. 1924இல் யாழ்ப்பாணத்தவரின் கூட்டுறவுச் சங்கமும் உருவாயிற்று. சிறு சம்பளக்காரன் கடன் தொல்லையிற் சிக்காதிருக்கவும், துயருற்றவன் தனித்து விடப்படாதிருக்கவும் இவ்வமைப்புகள் துணைசெய்தன.

இவ்விடத்தில் மனங்கொளத்தக்க பிறிதொரு செய்தியும் உண்டு. கோலாலம்பூரில் தம்புசாமிப்பிள்ளை 1873இல் நிறுவிய மகாமாரியம்மன் கோயில் ஏற்கனவே இருந்தது. புகையிரதப் பாதை அமைப்பிலும் றப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தென்னிந்தியத் தமிழர் பல்லாயிரவர் இருந்தனர். மொழியும் சமயமும் ஒன்றாயிருந்தும் யாழ்ப்பாணத்தவர் அவர்களிடமிருந்து பெரிதும் விலகியே வாழ்ந்தனர். உத்தியோகப் பெருமையும் ஊரிலிருந்து கொண்டுசென்ற சாதியுணர்வும் இதற்குக் காரணிகளாயின. புதியவனைத் தாங்கிய உறவு வலையே அவனை அயலவனிடமிருந்து பிரித்த வேலியாகவும் அமைந்தது. நன்மையை மட்டும் கூறி இதனை மறைத்தல் வரலாற்றுக்கு நீதியாகாது.

எனினும் அவர்கள் மனம் ஊரிலேயே நிலைத்திருந்தது. விடுமுறையில் வந்து மணமுடித்து மனைவியுடன் திரும்பினர். அரசாங்க உத்தியோகத்தர் என்னும் தகுதி சீதனத்தை உயர்த்தியது. காசுக்கட்டளைகளால் காணிகள் வாங்கப்பட்டன, கோயில்கள் புதுக்கப்பட்டன, தம்பியர் படித்தனர், தங்கையர் மணமேறினர். இளைப்பாறி ஊர் திரும்பிய ‘மலாயா பென்சனியர்’ கிராமத்தின் மதிப்புக்குரிய மனிதரானார். அதே வேளை, ஊருக்கு உழைத்தவன் தன் இளமையை ஊரிற் கழிக்கவில்லை. பெற்றோரின் இறுதிக் கிரியைக்குக்கூட வந்துசேர இயலாதவர் பலர்.

1930களின் பொருளாதார மந்தம் ஆட்குறைப்பைக் கொண்டுவந்தது. உத்தியோகங்களில் மலாயருக்கு முன்னுரிமை வழங்கும் கொள்கையும் வலுப்பெற்றது. 1941 டிசெம்பரில் தொடங்கிய யப்பானியப் படையெடுப்பு 1945 வரை கடிதத்தையும் காசையும் ஒருங்கே தடுத்தது. யாழ்ப்பாணத்தில் குடும்பங்கள் செய்தியின்றித் தவித்தன. இலங்கை 1948இலும் மலாயா 1957இலும் சுதந்திரமடைந்தபோது, ஒரே பேரரசின் இரு பகுதிகளாயிருந்தவை இரு நாடுகளாயின. எந்நாட்டுக் குடிமகன் என்னும் வினாவுக்கு விடையளிக்க நேர்ந்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மலாயாவைத் தெரிந்தனர். தந்தையர் இளைப்பாறிச் சேர எண்ணிய ஊர், மைந்தருக்குக் கேள்விப்பட்ட ஊராயிற்று.

முன்னோர் பணிபுரிந்த பிரிக்பீல்ட்ஸ் புகையிரத முற்றத்தின் மீது 2001இல் கோலாலம்பூரின் புதிய மத்திய நிலையம் எழுந்தது. கந்தசுவாமி கோயிலோ அதன் அயலிலேயே நிலைத்து நிற்கின்றது. 1983க்குப் பின் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் சென்ற இளைஞரும் உறவினர் முகவரியுடனேயே சென்றனர். அவர்களும் சங்கங்களும் கோயில்களும் கண்டனர். ஆயின் முன்னவர் திரும்பும் வழி திறந்திருக்கச் சென்றனர். பின்னவருட் பலர் அவ்வழி அடைபட்டிருக்கச் சென்றனர். இவ்வேறுபாடு பெரிதாயினும், ஊரவன் ஒருவன் ஒதுக்கிக்கொடுத்த சிறு இடத்திலிருந்தே புதிய நகரில் வாழ்வு தொடங்குகின்றது என்பது இரு தலைமுறைக்கும் பொதுவான உண்மையாகும்.