துரையின் அனுமதியும் சபையின் அனுமதியும்

மலையக நகரங்களுள் பல, புகையிரதப் பாதை பெற்ற பிள்ளைகள். 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய பாதை, 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அங்கிருந்து அப்புத்தளைக்கு அது நீள்வதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் நானுஓயாவே பாதையின் முடிவிடம். நுவரெலியாவுக்குச் செல்லும் துரைமார் அங்கு இறங்கினர். தேயிலைப் பெட்டிகள் அங்கு ஏறின. நிலையத்தை அண்டி ஒரு கடைவீதி எழுந்தது. அதைச் சூழக் கிளாசோ, எடின்பரோ, ரதல்ல, டெஸ்போட் எனத் தோட்டங்கள்.

கடைவீதியையும் தோட்டத்தையும் பிரிப்பது பல இடங்களில் ஒரு கானும் ஒரு முட்கம்பி வேலியுந்தான். ஆயினும் ஒரு சுவர் எழுப்புவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்பினால், அந்த வேலியின் இரு புறமும் இரு வேறு நாடுகளாக இருந்தன என்பது புலப்படும். இன்றும் அந்த நிலை முற்றாக நீங்கிவிடவில்லை.

முதலில் கடைவீதிப் பக்கத்தைப் பார்ப்போம். அங்கு தமது காணியில் மாடி எழுப்ப விரும்பும் ஒருவர் பிரதேச சபைக்கு விண்ணப்பிக்கிறார். காணி உறுதியின் பிரதி, நில அளவையாளரின் வரைபடம், தகைமை பெற்றவர் ஒப்பமிட்ட கட்டட வரைபடம், வரி செலுத்திய பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்கிறார். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்வையிடுவர். திட்டமிடல் குழு கூடி ஆராயும். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமாயின், நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். அச்சபை தன் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்க 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அனுமதி ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். மேலும் ஈராண்டு நீடிக்கலாம். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுக வேண்டும். இந்தப் படிகளை ஏறி இறங்கிக் களைத்தவர்கள் நாடெங்கும் உளர். எனினும் களைப்பதற்கேனும் அவர்களுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது.

இந்தப் படிக்கட்டின் அடித்தளம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முந்திய ஆண்டில் கொழும்பில் கொள்ளை நோய் பரவியிருந்தது. எலிகள் மலிந்த, காற்றும் ஒளியும் புகாத சேரி வீடுகளே நோயின் இருப்பிடம் என்று கருதிய குடியேற்ற அரசு, சட்டத்தால் சாளரங்களைத் திறக்க முற்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடமின்றி எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதி அதில் இடம்பெற்றது. வீட்டின் பின்புறத்தில் திறந்தவெளி இருத்தல் வேண்டும், கட்டடத்தின் உயரம் 63½ பாகைக் கோட்டைத் தாண்டிச் செல்லலாகாது என்ற ஒளிக்கோண விதியும் அதன் வழி வந்ததே. இலங்கைக் கட்டட வரைஞர் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த எண் இது.

இப்போது வேலியைக் கடப்போம். அதே காலத்தில் தோட்டங்களில் நின்றவை லயங்கள். ஒரு வகை லயம் ஒற்றை வரிசை. மற்றையது இரட்டை லயம்: இரு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்புறம் அடுத்த குடும்பத்தின் சுவர். பின்புறமே இல்லாத வீட்டுக்கு 63½ பாகையை எங்கிருந்து அளப்பது? கொழும்பில் எதை நோயின் வித்தென்று அரசு கண்டதோ, அதையே மலையில் கம்பனிகள் வரிசை வரிசையாகக் கட்டி வைத்திருந்தன.

சட்டம் அங்கு அறவே இல்லை என்று கூறுவது நியாயமாகாது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றாடலையும் ஓரளவு சுகாதாரமாகப் பேணுவது தோட்டத்து அத்தியட்சகரின் கடமை என்று விதித்தது. ஆனால் இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நகரச் சட்டம் குடியிருப்பவரை விண்ணப்பதாரராக, அதாவது கேட்கவும் மேன்முறையீடு செய்யவும் உரியவராகக் கண்டது. தோட்டச் சட்டம் அவரைப் பராமரிக்கப்பட வேண்டிய தொழிலாளராக மட்டுமே கண்டது. லயத்தின் ஓரத்தில் தகரம் சாத்தி ஓர் அடுப்படி இறக்க வேண்டுமானால், அவர் போக வேண்டிய இடம் பெரட்டுக்களம்; கேட்க வேண்டிய ஆள் துரை. அதற்கு வரைபடமும் இல்லை, கட்டணமும் இல்லை. மறுத்தால் காரணமும் இல்லை.

உள்ளூராட்சியும் தோட்ட எல்லையில் வந்து நின்றுவிட்டது. 1930களின் இறுதியில் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, தோட்டங்களில் வதியும் தொழிலாளர் அதற்குப் புறம்பாக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய கதை யாவரும் அறிந்ததே. அதை இங்கு மீண்டும் விரிக்கத் தேவையில்லை. பலரும் அறியாதது, பிரசாவுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்து வந்த காலத்திலும் இந்த வேலி சட்டத்தில் எஞ்சியிருந்தது என்பதுதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்களின் வாக்கால் தெரிவான உறுப்பினர்கள் அமர்ந்திருந்த சபைகளே அவர்களின் லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு சுமை கல் போட முடியாமலிருந்தன. அந்தத் தடை 2018இல் திருத்தச் சட்டம் மூலமே நீங்கியது. முப்பத்தோராண்டுகள்!

காணியின் உரிமை கைமாறிய ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் இதைச் சரிசெய்யும் வாய்ப்பு வந்து போயிற்று. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரை போனார், அரசு வந்தது. காம்பரா அப்படியே இருந்தது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகை நடைமுறைக்கு வந்தது. அதன்படி நிலம் அரசினுடையது, அனுபவிப்பது கம்பனி, குடியிருப்பது தொழிலாளர். கட்டட விண்ணப்பப் படிவத்தில் ‘காணி உரிமையாளர்’ என்ற கூட்டுக்குள் இம்மூவருள் மூன்றாமவர் தம் பெயரை எழுத இயலாது.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கவே வந்தது. இந்திய உதவியிலான 50,000 வீடுகள் திட்டத்தில் 4,000 மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன; 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டின் பரப்பு 550 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 1986இன் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு மனைத்துண்டுக்கு வைத்த பொதுவான குறைந்தபட்ச அளவு 150 சதுர மீற்றர். சட்டம் சகிக்கும் மிகக் குறைந்த அளவுக்குச் சற்றே மேலாகத்தான் ஏறத்தாழ இரு நூற்றாண்டு உழைப்புக்கு நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. அடிக்கல் நாட்டு விழாக்களின் செய்திகளை எழுதியே பேனா தேய்ந்த நிருபர்கள் எம்மிடையே பலர். உறுதி வழங்கும் விழாக்களைப் பற்றி அவர்கள் எழுதியவை அந்த அளவுக்கு இல்லை. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டபின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

வெறும் காகிதப் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதற்கான காரணம் மலையின் மண்ணிலேயே இருக்கிறது. நுவரெலியா உள்ளிட்ட மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன்னதாகத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறப்பட வேண்டும் என்ற நடைமுறை 2011இல் வந்தது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், நீர் வடியும் வழி ஆகியவற்றைப் பார்த்தபின்னரே அந்நிறுவனம் இணங்கும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் இது புதிதாக விண்ணப்பிப்பவரைத் தொட்டுத் தொடங்குவது. விண்ணப்பிக்கவே முடியாதவர் இறக்கிய அடுப்படியும், அவர் வெட்டிய மண்மேடும் எந்தக் கோப்பிலும் வருவதில்லை. நூறாண்டுக்கு முன் துரை தெரிவு செய்த சரிவில் நிற்கும் லயத்துக்கு அனுமதிக் கோப்பு என்று ஒன்று இருந்ததேயில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் புதையுண்டவை அத்தகைய லயங்கள். அபாயம் பற்றிய எச்சரிக்கைகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தும், மக்களுக்குப் போக வேறிடம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலையகம் எங்கும் சரிவுகள் ஏற்பட்டபோது, வெளியேறுமாறு கூறும் சிவப்பு அறிவித்தல் மீண்டும் லயங்களை எட்டியது. அரசின் திட்டமிடல் ஏற்பாட்டிலிருந்து பல குடும்பங்களுக்கு நேரடியாகக் கிடைத்த முதல் அறிவித்தல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இனி ஒரு நடைமுறைக் கேள்வி. 7 பேர்ச்சஸ் காணியில் வீடு பெற்ற ஒரு குடும்பத்தில் மகனுக்குத் திருமணமாகிறது. ஓர் அறை சேர்க்க வேண்டும். யாரிடம் போவது? சட்டப்படி பதில் தெளிவானது: பிரதேச சபையிடம். 2017இல் நுவரெலியா பிரதேச சபை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் தனிச் சபைகள் உருவானமையால், அலுவலகங்களும் முன்னரிலும் அண்மையில் உள்ளன. உத்தியோகத்தர் படிவத்தை எடுத்துத் தருவார். இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் முதலாவதாக இருப்பது காணி உறுதி. அது கையில் இல்லாதவர், கம்பனியின் கடிதமொன்றைப் பெற்றுவரத் தோட்டத்து அலுவலகத்துக்குத் திரும்பி நடக்கிறார்.