ஆம்புலன்ஸுக்குள் வைத்தியம் வந்த கதை

108-ஐ அழைத்தால் வரும் வண்டியில் டாக்டர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்தான் இருக்கிறார். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு அறையில் உள்ள டாக்டரைப் போனில் கேட்டுக்கொள்வார். மூச்சு சரியாக இருக்கிறதா, ஆக்சிஜன் வைக்க வேண்டுமா, உடனே கிளம்ப வேண்டுமா என்பதையெல்லாம் நம் வீட்டு வாசலில், நாம் பதறி நிற்கும்போதே அவர் முடிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஏற்பாடு இது. டாக்டர் அல்லாதவரை நம்பி இந்தப் பொறுப்பைத் தரலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் ஏழைப் பேட்டையைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள்.

1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்களின் வண்டிகளே ஆம்புலன்ஸாகவும் ஓடின. பிட்ஸ்பர்க்கில் போலீஸ் வேன் வரும். ஆளைத் தூக்கி உள்ளே கிடத்துவார்கள், ஆஸ்பத்திரியை நோக்கி வேகமாக ஓட்டுவார்கள். வழியில் வைத்தியம் எதுவும் கிடையாது. மூளைக்குப் பிராணவாயு போகாவிட்டால் நாலைந்து நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அந்த நிமிடங்களை மீட்க முடியாது.

வியன்னாவில் பிறந்த மயக்கவியல் நிபுணர் பீட்டர் சஃபார் அந்த நகரில் பணியாற்றினார். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் ஒருவர். 1966-இல் அவருடைய சிறு வயது மகள் ஆஸ்துமாவால் இறந்தாள். அதே ஆண்டு நவம்பரில் முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது இதயத்தை மீட்க முடிந்தது, மூளையை மீட்க முடியவில்லை. சில நாட்களில் அவர் இறந்தார். கவர்னராக இருந்தவருக்கே அந்த நிலைமை.

1967-இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானது. ஹில் டிஸ்ட்ரிக்ட் பேட்டையிலிருந்து ஆட்களைச் சேர்த்தார்கள். பலர் வேலை இல்லாதவர்கள், சிலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். சஃபார் வகுத்த சுமார் 300 மணி நேரப் பாடம் அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டது.

அந்தப் பாடத்தின் அடிப்படை ஒரு வரிசை: முதலில் மூச்சு வழி, அடுத்து சுவாசம், பிறகு ரத்த ஓட்டம். பதற்றத்தில் நம் கண் முதலில் ரத்தத்தைத்தான் தேடும். ஆனால் நினைவிழந்து மல்லாந்து கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடலாம். அதில் சத்தமும் இருக்காது, ரத்தமும் இருக்காது. வரிசை கைக்குப் பழகியிருந்தால் கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது. 2010-இல், இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்துவதே முதல் வேலை என்று அந்த வரிசையை மாற்றினார்கள். வரிசை மாறலாம், ஆனால் வரிசையே இல்லாமல் இருக்கக் கூடாது.

இன்னொரு முடிவு, நிற்பதா கிளம்புவதா என்பது. இதயம் நின்றிருந்தால் அங்கேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு ஓட வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெருவிலேயே கண்டுபிடிக்க அந்த இளைஞர்கள் கற்றார்கள். 1970-களின் நடுவில் டாக்டர் நான்சி கரோலின் அவர்களுடைய மருத்துவ இயக்குநரானார். அவர்களோடு வண்டியிலும் போனார். அங்கே கிடைத்த அனுபவத்திலிருந்து நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை எழுதினார்.

ஆனால் 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. புதிய சேவையில் சேர்க்கப்பட்ட பழைய ஆட்கள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள், வெளியேறினார்கள். அவர்கள் காட்டிய வழி மட்டும் நிலைத்தது.

நம் குடியிருப்புக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இரவு இரண்டு மணிக்கு யாராவது மயங்கி விழுந்தால், முதலில் ஓடி வரக்கூடியவர் வாட்ச்மேன்தான். கேட்டைத் திறப்பதும், லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி வைப்பதும், வண்டியைச் சரியான பிளாக்குக்கு அழைத்து வருவதும் அவர்தான். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை அவருக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும், நம் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர அரை நாள் போதும். 'இவர்களால் முடியுமா?' என்று யாராவது கேட்டால், பிட்ஸ்பர்க் கதையைச் சொல்லுங்கள்.