அருவி என்னும் பெயர்: மென்பொருள் உருவாக்கப் படிநிலைகளின் வரலாற்றில் ஒரு கலைச்சொல்

1. முன்னுரை

மென்பொருள் பொறியியல் பாடநூல்கள் பலவற்றின் தொடக்க இயல்களில் தவறாது இடம்பெறும் படம் ஒன்று உண்டு. மேலிருந்து கீழாகப் படிக்கட்டுப் போல இறங்கும் சில கட்டங்களும், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்த கட்டத்திற்குச் செல்லும் அம்புக்குறிகளும் அதில் காணப்படும். தேவைகளை அறிதல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, பயன்பாடு என்பன அக்கட்டங்களின் வரிசை. இதற்கு ‘அருவி மாதிரி’ என்று பெயர். இதனை 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பரிந்துரைத்தார் என்றும் அந்நூல்களுள் பல கூறும்.

இக்கூற்று ஆய்வுக்குரியது. ராய்ஸ் தம் கட்டுரையில் அருவி என்னும் சொல்லை ஓரிடத்தும் ஆளவில்லை. கீழ்நோக்கி மட்டுமே இறங்கும் அவ்வரிசையை உள்ளவாறே பின்பற்றுமாறு அவர் கூறவும் இல்லை. பின்னர் வந்தோர் இட்ட பெயர் ஒன்று ஒரு கட்டுரையின் பொருளையே மாற்றியமைத்ததையும், அம்மாற்றம் பெருந்திட்டங்களின் நடைமுறையைத் தொட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வரலாறு தொடர்புடையது. ஒரு கலைச்சொல்லைப் பெயர்க்கும்போது அதனுள் உறையும் உருவகத்தையும், அவ்வுருவகம் தோற்றுவித்த பிழையையும் நாம் சேர்த்தே பெயர்த்துவிடுகிறோம்.

2. துறைக்குப் பெயர் வந்த வகை

‘சாஃப்ட்வேர்’ என்னும் ஆங்கிலச் சொல் கணினி தொடர்பான பொருளில் அச்சில் வந்தமைக்குப் பெரிதும் காட்டப்படும் சான்று, புள்ளியியல் அறிஞர் ஜான் டுக்கி 1958இல் ஒரு கணித இதழில் எழுதிய கட்டுரையாகும். வன்பொருளைக் குறிக்கும் ‘ஹார்டுவேர்’ என்னும் பழைய சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக அது அமைந்தது. தமிழில் வன்பொருள், மென்பொருள் என்னும் இணை அவ்வெதிர்நிலையை நன்கு காத்துள்ளது. ‘பொருள்’ என்பது பண்டத்தையும் சொல்லின் கருத்தையும் ஒருங்கே குறிப்பதால், தொட்டுணர இயலாத ஒன்றைச் சுட்டுவதற்கு அது ஆங்கில மூலத்தைவிடப் பொருத்தமாகவும் அமைகிறது.

‘மென்பொருள் பொறியியல்’ என்னும் தொடரை 1966இலேயே ஆண்டனி ஓட்டிங்கர் அமெரிக்கக் கணினியாளர் சங்கத்தின் இதழில் எழுதியுள்ளார். அப்போலோ விண்கலத் திட்டத்தில் பணியாற்றிய மார்கரெட் ஹாமில்டனும் அத்தொடரை வழங்கினார். எனினும் அது உலகெங்கும் பரவியது நேட்டோவின் அறிவியல் குழு ஏற்பாடு செய்த கருத்தரங்கின் வழியாகவே. மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் 1968 அக்டோபர் 7 முதல் 11 வரை அது நடைபெற்றது. பதினொரு நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பீட்டர் நௌரும் பிரையன் ராண்டெலும் பதிப்பித்த அதன் அறிக்கை 1969இல் வெளிவந்தது.

இத்தொடர் சிந்தனையைத் தூண்டும் நோக்கத்துடன் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டதாக அவ்வறிக்கையே தெரிவிக்கிறது. பாலம் கட்டுவோரும் இயந்திரம் செய்வோரும் பெற்றுள்ள கோட்பாட்டு அடிப்படையும் நடைமுறை ஒழுங்கும் மென்பொருள் செய்வோரிடம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டவே அப்பெயர் இடப்பட்டது. அஃதாவது, அன்று இல்லாத ஒன்றின் பெயராகவே அது பிறந்தது. காலம் செல்லச்செல்ல அறைகூவல் என்னும் தன்மை மறைந்து, நிலைபெற்ற ஒரு துறையின் பெயராக அது வழங்கலாயிற்று.

முதலில் முழுமையாக வரையறுத்துவிட்டுப் பின்னர் செய்து முடிக்கலாம் என்னும் எண்ணமே இத்துறையின் பெருங்கேடு என அக்கருத்தரங்கிலேயே டக்ளஸ் ராஸ் எச்சரித்தார் என்பதும் இங்குக் கருதத்தக்கது. வடிவமைப்பு திரும்பத்திரும்பச் செய்து திருத்தப்படும் ஒரு செயல் என்னும் கருத்தும் அங்கே பதிவாகியுள்ளது. எனவே, படிவரிசை முறையின் குறைபாடு பிற்காலத்தில்தான் உணரப்பட்டது என்னும் பொதுக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

3. ராய்ஸ் கூறியதும் கூறாததும்

பெருமென்பொருள் அமைப்புகளின் உருவாக்கத்தை மேலாண்மை செய்வது பற்றிய ராய்சின் கட்டுரை 1970 ஆகஸ்டில் வெஸ்கான் மாநாட்டில் வெளிவந்தது. அப்போது அவர் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தில் விண்கலங்களுக்கான மென்பொருள் பணிகளில் பட்டறிவு பெற்றிருந்தார்.

கட்டுரையில் பத்துப் படங்கள் உள்ளன. அமைப்பின் தேவைகள், மென்பொருளின் தேவைகள், பகுப்பாய்வு, நிரல் வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, இயக்கம் என்னும் ஏழு கட்டங்களைக் கீழ்நோக்கிய அம்புக்குறிகளால் மட்டும் இணைத்துக் காட்டுவது இரண்டாம் படமாகும். பாடநூல்கள் பெரிதும் எடுத்தாண்டது இதனையே. மூன்றாம் படத்தில் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அதற்கு முந்தைய கட்டத்திற்குத் திரும்பும் அம்புக்குறிகள் சேர்கின்றன. நான்காம் படத்தில் சோதனையிலிருந்து நிரல் வடிவமைப்பிற்கும், அங்கிருந்து மென்பொருளின் தேவைகளுக்கும் பின்னோக்கிப் பாயும் அம்புக்குறிகள் உள்ளன.

இப்படங்களினூடே ராய்ஸ் கூறும் வாதம் தெளிவானது. கட்டங்களாகப் பிரிக்கும் கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்கிறார். ஆயினும் மேற்காட்டிய எளிய வடிவில் அதனைச் செயற்படுத்துவது இடர் மிக்கது, தோல்விக்கு வழிவகுப்பது என்று உடனே எச்சரிக்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் இன்றும் பொருந்துவதாகும். நிரல் இயங்கும் நேரம், அது கொள்ளும் நினைவகம், தரவின் உள்வரவு வெளிச்செலவு ஆகியன முதன்முதலாக மெய்யாக அறியப்படுவது இறுதியில் வரும் சோதனைக் கட்டத்தில்தான். அங்குப் பிழை தோன்றினால் சிறு திருத்தம் போதாது. வடிவமைப்பையோ தேவைகளையோ மாற்ற நேரும். அப்போது காலமும் செலவும் நூறு விழுக்காடு வரை மிகுதல் கூடும் என்கிறார்.

இதற்கு மாற்றாக அவர் ஐந்து வழிகளை முன்வைக்கிறார். அவை: பகுப்பாய்விற்கு முன்பே முதனிலை வடிவமைப்பைச் செய்தல், வடிவமைப்பை முறையாக ஆவணப்படுத்துதல், பணியை இருமுறை செய்தல், சோதனையைத் திட்டமிட்டுக் கண்காணித்தல், வாடிக்கையாளரை இடையிடையே பங்கேற்கச் செய்தல். முப்பது மாதத் திட்டமாயின் அதற்குள் பத்து மாத அளவில் ஒரு முன்மாதிரியைச் செய்து பார்த்தல் நலம் என்பது மூன்றாம் வழிக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு.

இதனைக் கொண்டு ராய்சைப் படிவரிசையின் பகைவராகச் சித்திரித்தல் மற்றொரு மிகையாகும். ஐம்பது இலட்சம் டாலர் மதிப்புள்ள வன்பொருளை வாங்குவதற்கு முப்பது பக்க விவரக்குறிப்பு போதும் என்றும், அதே மதிப்புள்ள மென்பொருளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பக்கம் தேவைப்படும் என்றும் மதிப்பிட்டவர் அவர். ஆவணத்தின் மீது அவருக்கிருந்த பற்று பெரிது. கட்டங்களை ஏற்று, அவற்றின் ஒருவழிப் போக்கினை மறுத்தவர் என அவர் நிலையைச் சுருக்கிக் கூறலாம்.

4. பெயரும் தரநிலையும்

அருவி என்னும் பெயரை ராய்சின் கட்டுரையோடு இணைத்து ஆண்டவர்கள் பெல், தேயர் என்னும் இருவர். 1976இல் நடைபெற்ற இரண்டாம் பன்னாட்டு மென்பொருள் பொறியியல் மாநாட்டில் அவர்கள் அளித்த கட்டுரையில் இப்பெயர் காணப்படுகிறது. அவர்களும் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தினரே. அதே நிறுவனத்தைச் சேர்ந்த பேரி போம் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொருளியல் பற்றிய நூல் அப்பெயரைப் பரவலாக்கியது.

பெயர் ஏன் நிலைத்தது என்பது மொழியியல் நோக்கில் சுவையான வினா. படிக்கட்டாக இறங்கும் படத்திற்கு அது கண்ணுக்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் உருவகம் தோற்றத்தோடு நிற்பதில்லை. விழுந்த நீர் மேலேறாது என்னும் உலகறிவையும் அது உடன் கொண்டுவரும். ராய்ஸ் வரைந்த பின்னோக்கிய அம்புக்குறிகளுக்கு இப்பெயருக்குள் இடமில்லை. பெயரை மட்டும் அறிந்தவர்க்கு இரண்டாம் படமே முழுக் கட்டுரையாயிற்று.

இப்புரிதல் ஆட்சி நடைமுறையோடும் இசைந்தது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 எண்ணுடைய தரநிலை, வரிசையாக அமைந்த ஆவணங்களையும் மறுஆய்வுகளையும் ஒப்பந்தக்காரரிடம் கோரியது. கட்டம் ஒன்று முடிந்தது என்பதற்குக் கையொப்பமிட்ட ஆவணமே சான்று. கணக்கு பார்ப்போர்க்கு இது எளிது. ஆனால் முடிந்ததாகக் கையொப்பமிட்ட ஒன்றை மீண்டும் திறப்பது தோல்வியின் அடையாளமாகக் கருதப்படும் நிலையும் இதனால் உருவாகும்.

1987இல் பிரெடெரிக் புரூக்ஸ் தலைமையில் அமைந்த பாதுகாப்பு அறிவியல் வாரியப் பணிக்குழு இம்முறையைக் குறைகூறி, படிப்படியாக வளர்த்துச் செல்லும் முறைக்கு மாறுமாறு பரிந்துரைத்தது. 1994 டிசம்பரில் வெளிவந்த 498 எண்ணுடைய தரநிலை பழையதன் இடத்தைப் பெற்று, பல்வேறு உருவாக்க முறைகளுக்கு இடமளித்தது. ராய்சின் கட்டுரை வெளிவந்து அப்போது இருபத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

5. மறக்கப்பட்ட மற்றொரு மரபு

அருவி மாதிரி முதலில் தோன்றியது, பின்னர் அதனை மறுத்துச் சுழல்முறைகள் தோன்றின என்பது பாடநூல்கள் தரும் கால வரிசை. சான்றுகள் இதற்கு மாறாக உள்ளன. ‘சேஜ்’ என்னும் வான்காப்பு அமைப்பிற்கான நிரலாக்கக் கட்டங்களை ஹெர்பர்ட் பெனிங்டன் 1956இலேயே விளக்கியிருந்தார். அக்கட்டுரை 1983இல் மறுபதிப்பான போது எழுதிய முன்னுரையில், முழு அமைப்பிற்கு முன்பு சிறிய கணினியொன்றில் முன்மாதிரி செய்யப்பட்டதை அவரே நினைவூட்டினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டத்தில் அரைநாள் அளவிலான சிறு சுற்றுகளில் நிரல்கள் எழுதப்பட்டன. விண்ணோடத்தின் முதன்மை மென்பொருள் 1977 முதல் 1980 வரை, முப்பத்தொரு மாதங்களில் பதினேழு சுற்றுகளாக உருவாக்கப்பட்டது. இச்செய்திகளைக் கிரேக் லார்மனும் விக்டர் பசிலியும் 2003இல் தொகுத்து வெளியிட்டனர்.

ஆகவே, திரும்பத்திரும்பச் செய்யும் மரபு தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் அதற்கு நினைவில் நிற்கும் பெயர் வாய்க்கவில்லை. போம் 1980களின் பிற்பகுதியில் ‘திருகுசுருள் மாதிரி’யை வகுத்தபோதுதான் அதற்கு ஒரு படமும் பெயரும் கிட்டின.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட ‘அஜைல்’ அறிக்கையும் இத்தகைய திரிபுக்கு உள்ளானது. நான்கு இணைகளில் ஒன்றைவிட மற்றொன்றை மிகுதியாக மதிப்பதாக அது கூறுகிறது. குறைவாக மதிக்கப்படுவதற்கும் மதிப்புண்டு என்பதை வெளிப்படையாகவே தெரிவிக்கிறது. ஆயினும் ஆவணம் வேண்டா, திட்டம் வேண்டா என்று அது கூறுவதாகப் பலர் கொண்டனர். ‘விட’ என்னும் ஒப்பீடு ‘அன்று’ என்னும் மறுப்பாகப் படிக்கப்பட்டது.

6. தமிழாக்கத்தில் எழும் வினாக்கள்

இவ்வரலாறு தமிழாக்கத்திற்கு மூன்று செய்திகளைத் தருகிறது.

முதலாவது, ‘அருவி’ என்னும் சொல் பற்றியது. ‘நீர்வீழ்ச்சி’ ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்த்தது போன்ற அமைப்புடையது. ‘அருவி’ பழந்தமிழ்ச் சொல். எதனைக் கொண்டாலும் உருவகத்தின் ஒருவழித்தன்மை மாறாது. பெயர் நிலைத்துவிட்டதால் அதனை விலக்குதல் இயலாது. ஆனால் ‘ராய்சின் அருவி மாதிரி’ என எழுதுவதை விலக்கலாம். ‘பின்னாளில் அருவி எனப் பெயர்பெற்ற படிவரிசை’ என்பது நீளமாயினும் உண்மையானது.

இரண்டாவது, ‘வாழ்க்கைச் சுழற்சி’ என்னும் தொடர். உயிரியலில் முட்டையிலிருந்து தோன்றிய உயிர் மீண்டும் முட்டையிடுவதால் சுழற்சி என்பது பொருந்தும். அருவி மாதிரியில் அத்தகைய மீட்சி இல்லை. ஒரே பத்தியில் ‘சுழற்சி’ என்றும் ‘அருவி’ என்றும் படிக்கும் மாணவர் இரண்டிற்கும் உள்ள முரணை உணராமல் கடந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் தேய்ந்துபோன உருவகம் தமிழில் புதிதாக ஆக்கப்படும்போது மீண்டும் உயிர்பெறுகிறது. இவ்விடத்தில் ‘உருவாக்கப் படிநிலைகள்’ என்பது நடுநிலையான தொடராகும். சுழல்முறைகளைப் பேசுமிடத்துச் ‘சுழற்சி’ என்பதை ஆளலாம்.

மூன்றாவது, ‘தேவை’ என்னும் சொல். பயனருக்கு மெய்யாக வேண்டியதையும், ஆவணத்தில் எழுதி ஒப்பப்பட்ட நிபந்தனையையும் ஆங்கிலம் இரு சொற்களால் வேறுபடுத்தும். தமிழில் இரண்டும் தேவையே. இவ்விரண்டும் ஒன்றன்று என்பதே ராய்ஸ் முதல் இன்று வரை நடைபெறும் வாதத்தின் கரு. பயனரின் தேவை மாறும்; எழுதப்பட்டது மாறாது நிற்கும். இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழிபெயர்ப்பு, வாதத்தின் கருவையே மறைத்துவிடும். பின்னதைத் ‘தேவை வரையறை’ எனப் பிரித்தெழுதின் இக்குழப்பம் நீங்கும்.

7. முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தில் சொல்லின் அமைப்பு, ஒலி, எளிமை ஆகியவற்றை நாம் ஆய்வது வழக்கம். அச்சொல்லை முதலில் இட்டவர் யார், எதனைக் குறிக்க இட்டார், இடையில் பொருள் எங்ஙனம் திரிந்தது என்னும் வினாக்களும் அதே அளவு இன்றியமையாதன. ராய்ஸ் 1995இல் மறைந்தார். தாம் எச்சரித்த முறையின் தந்தை என்றே பல நூல்கள் அவரை இன்றும் குறிக்கின்றன. மூலக்கட்டுரையின் இரண்டாம் படத்தோடு நில்லாது மூன்றாம், நான்காம் படங்களையும் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர், அத்தவறு தமிழிலும் வேரூன்றாமல் தடுக்க இயலும்.