குடியரசுத் தலைவர் தேர்தல்: வாக்காளர் குழுவும் வாக்கு மதிப்பும்

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்தலில் வென்று அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் சேர்ந்ததுதான் வாக்காளர் குழு. யார் யார் அதில் அடக்கம் என்று அரசமைப்பின் 54ஆம் உறுப்பும், ஒவ்வொருவர் வாக்குக்கும் என்ன மதிப்பு என்று 55ஆம் உறுப்பும் வகுக்கின்றன. நியமன உறுப்பினர்களுக்கும் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்கு கிடையாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலுள்ள மம்சாபுரத்தில் ஒருவர் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் போடும் ஓட்டு இப்படித்தான் கைமாறி டெல்லி வரை போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் தென்காசி மக்களவைத் தொகுதியில் உள்ளன. 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, எம்.பி. ஒருவரின் வாக்கு மதிப்பு 700.

அரசமைப்பு நிர்ணய சபையில் இந்தத் தேர்தல் முறை எதிர்ப்பில்லாமல் நிறைவேறிவிடவில்லை. வயதுவந்தோர் எல்லோரும் வாக்களித்தே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேராசிரியர் கே.டி. ஷா வாதாடினார். நேருவும் அம்பேத்கரும் ஏற்கவில்லை. நாடாளுமன்ற ஆட்சிமுறையில் அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கிறது. நாடு முழுவதும் ஓட்டு வாங்கி வந்தவரை அதிகாரமில்லாத பதவியில் உட்காரவைத்தால் பிரதமருக்கும் அவருக்கும் மோதல்தான் வரும் என்பது அவர்கள் தரப்பு. அவ்வளவு பெரிய தேர்தலை நடத்துவதற்கு ஆகும் செலவும் ஆள்பலமும் இன்னொரு காரணம். இலங்கையின் வரலாறு இந்த வாதத்துக்கு மறுபக்கச் சான்று. அங்கே குடியரசுத் தலைவர் பதவிக்கு ஆட்சியதிகாரம் முழுவதும் வந்த பிறகு, 1982 முதல் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். பதவி இடையில் காலியானால் மட்டும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க அப்படித்தான் வந்தார்.

1950 ஜனவரி 24 அன்று நிர்ணய சபையே முதல் குடியரசுத் தலைவராக ராஜேந்திர பிரசாத்தைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியே தொடர வேண்டும் என்று நேரு விரும்பினார். காங்கிரஸுக்குள் பெரும்பான்மை பிரசாத் பக்கம் நின்றது. வாக்காளர் குழு முதன்முதலில் கூடியது 1952 மே மாதத்தில். பிரசாத் 5,07,400 வாக்கு மதிப்புடன் வென்றார். எதிர்த்து நின்று 92,827 பெற்றவர், நேரடித் தேர்தல் வேண்டும் என்று வாதாடிய அதே கே.டி. ஷா.

அந்தத் தேர்தலில் சென்னை மாநிலத்தின் நிலை வேடிக்கையானது. அதுவரை முதல்வராக இருந்த ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா, 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுயேச்சை ஒருவரிடம் தோற்றார். அவருக்கு அடுத்து ஏப்ரலில் முதல்வரான ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்திருந்தார். ஆக, பதவி இழந்த முதல்வருக்கும் ஓட்டு இல்லை, பதவியேற்ற முதல்வருக்கும் ஓட்டு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றிருந்த காமராஜருக்கோ வாக்குரிமை இருந்தது. ஒரு வகையில் இது சரியான ஏற்பாடு என்றே படுகிறது: முதல்வர் நாற்காலிக்கு மேலவை வழியாக வரலாம், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் மக்களிடம் போய் ஓட்டு வாங்கி வந்திருக்க வேண்டும்.

வாக்கு மதிப்பைக் கணக்கிடுவது கடினமில்லை. மாநில மக்கள்தொகையை அங்குள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234ஆல் வகுத்து ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். மாநில மொத்தம் 41,184. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பையும் எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி. ஒருவரின் மதிப்பு கிடைக்கும். மத்தியும் மாநிலங்களும் தராசில் சமமாக நிற்க வேண்டும் என்பதே நோக்கம். 2022இல் மாநிலங்கள் பக்கம் 5,43,231, நாடாளுமன்றம் பக்கம் 5,43,200. அண்டையிலுள்ள புதுச்சேரிக்கு 70ஆவது திருத்தம் வரும்வரை இதில் பங்கே இல்லை. இப்போது அங்கே ஓர் எம்.எல்.ஏ.வின் மதிப்பு 16.

வாக்களிப்பு ரகசியமானது. கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது. எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். 2017 முதல் தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் மட்டுமே எழுதலாம். செல்லத்தக்க வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் சென்னைத் தலைமைச் செயலகத்திலேயே வாக்களிப்பார்கள். வாக்குப் பெட்டி விமானத்தில் டெல்லி போகும். 2022இல் பெட்டிக்கென்று தனியாக ஓர் இருக்கைக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

அடுத்த விருப்பம் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு முறைதான். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்தபோது காங்கிரஸ் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று சொல்லிவிட்டு வி.வி. கிரியின் பக்கம் சாய்ந்தார் இந்திரா காந்தி. தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. தேவையான 4,18,169ஐ எவரும் எட்டவில்லை. மற்றவர்களின் வாக்குகள் பிரிந்து சேர்ந்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. காமராஜருக்கு 1967 விருதுநகர் தோல்விக்குப் பிறகு விழுந்த இன்னொரு அடி இது. தேர்தலை எதிர்த்து வந்த வழக்கில் கிரியே உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். ரெட்டி 1977இல் போட்டியே இல்லாமல் அதே பதவிக்கு வந்தார்.

அந்நாளில் யார் வேண்டுமானாலும் எளிதாக நிற்க முடிந்தது. 1967இல் 17 பேர் நின்றார்கள்; 9 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1974இல் முன்மொழிய பத்துப் பேர், வழிமொழிய பத்துப் பேர் வேண்டும் என்று சட்டம் வந்தது. 1997இல் இது ஐம்பது ஐம்பதாகவும், வைப்புத்தொகை 15,000 ரூபாயாகவும் உயர்ந்தது. விளையாட்டாக நிற்பவர்கள் குறைந்தார்கள். பெரிய கட்சிகளின் தயவில்லாமல் நிற்பதற்கும் வழியில்லாமல் போனது.

தமிழ்நாட்டில் பிறந்தவர்களும் இந்தப் பதவிக்கு வந்திருக்கிறார்கள். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1962இலும், தஞ்சை மாவட்டம் ராஜாமடத்து ஆர். வெங்கட்ராமன் 1987இலும் வென்றார்கள். 2002இல் போட்டியிட்ட இருவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள்: ராமேஸ்வரத்து அப்துல் கலாமும், சென்னையில் பிறந்து இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சேகலும். கலாம் 9,22,884, சேகல் 1,07,366.

இன்றும் 1971 மக்கள்தொகையே கணக்கில் இருப்பதற்குக் காரணம் 1976இல் வந்த 42ஆவது திருத்தம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்திய மாநிலம் அதனாலேயே எடை குறையக் கூடாது என்பது அதன் நியாயம். 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை நீட்டித்தது. 2011 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 308, உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 496 வரும். இப்போது 176க்கு 208 என்றிருக்கும் இடைவெளி அப்போது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். 2022இல் 6,76,803 வாக்கு மதிப்புடன் யஷ்வந்த் சின்ஹாவை வென்ற திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது; அதையொட்டி அடுத்த தேர்தல் வரும்.