புனித எனொடாக் ஆலயம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பிரதேசத்தில், காமல் நதி கடலொடு சங்கமிக்கும் முகத்துவாரத்தின் கிழக்குக் கரையில், பிரே குன்றின் அருகே மணல்மேடுகளுக்கிடையே ஒடுங்கி நிற்கும் இச்சிற்றாலயம், செயின்ட் மின்வர் சேகரத்தைச் சேர்ந்தது. இதன் மிகப் பழைய பகுதிகள் 12ஆம் நூற்றாண்டின.

அட்லாண்டிக் காற்று ஓயாது வாரியிறைத்த மணல், 16ஆம் நூற்றாண்டு தொடங்கி இதனைச் சிறிது சிறிதாக விழுங்கிற்று. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆராதனை நிகழாவிடில் தசமபாகம் பெறும் உரிமை அற்றுப்போகும் என்பதனால், குருவானவரும் சபையாரும் கூரையில் திறந்த துவாரத்தின் வழியே உள்ளிறங்கி, மணல் மூடிய சுவர்களுக்கிடையே ஜெபித்து, வந்த வழியே மேலேறிச் சென்றனர் என்பர். பக்தியும் வருவாயும் இத்துணை அந்நியோன்னியமாய் ஒரே துவாரத்தில் நுழைந்ததை வேறெங்கும் காண்டல் அரிது.

1864ஆம் ஆண்டில் மணல் அகற்றப்பட்டு ஆலயம் ஜீர்ணோத்தாரணம் பெற்றது. சற்றே கோணிய அதன் குட்டையான கற்கோபுரத்தை, நல்லவேளையாக, எவரும் நிமிர்த்திவிடவில்லை. இன்று கோல்ப் மைதானத்தின் பசும்புல் இதனைச் சூழ்ந்திருக்கிறது. அரசவைக் கவிஞர் ஜான் பெட்ஜெமன் 1984இல் இங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார்.