அமுச்சியின் கசாயமும் முத்தடுப்பு ஊசியும்

தொண்டைக் கரகரப்பு வந்து இன்னையோட பதினெட்டு நாளாச்சுங்க. கோடைக் கடலை பிடுங்குன தூசின்னு நெனச்சேன். தினமும் மூணு வேளை கல்லுப்பு போட்ட சுடுதண்ணியில கொப்பளிக்கிறேன். ராத்திரியில மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். கடைவாயில சித்தரத்தைத் துண்டு ஒண்ணு. அப்போதைக்கு எதமா இருக்குது, விடிஞ்சா பழையபடி.

இந்த மருந்தெல்லாம் நம்ம அஞ்சறைப் பெட்டிக்குள்ள எப்ப வந்துச்சுன்னு யோசிச்சா, மிளகு ரொம்பப் பழசு. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோட வந்து மிளகோட போனதைச் சங்கப் பாட்டே சொல்லுது. மிளகாய் போர்த்துகீசியர் காலத்துல வந்த புதுசு. மிளகு மாதிரி காரமா இருந்த காய்ங்கறதால அந்தப் பேரு. சுக்கு, மிளகு, திப்பிலி மூணுக்கும் சேர்த்துத் திரிகடுகம்னு பேரு. நல்லாதனார் தன்னோட நீதி நூலுக்கே அந்தப் பேரை வெச்சார்னா, இந்தக் கசாயத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் பாருங்க.

எங்க அமுச்சிக்கும் கைமருந்து அத்துப்படி. ஊருல யாருக்குத் தொண்டை கட்டினாலும் அவங்க வூட்டுத் திண்ணைக்குத்தான் வருவாங்க. ஆனா 1950 வாக்குல, அவங்களோட மூத்த பொண்ணு, எங்க பெரியம்மாவா இருந்திருக்க வேண்டியவங்க, நாலு வயசுல தொண்டை அடைப்பான்ல போயிட்டாங்க. உள்நாக்குப் பக்கம் சாம்பல் நிறத்துல ஒரு தோல் படர்ந்து, கழுத்து வீங்கி, மூச்சு முட்டிப் போச்சாம். அமுச்சி அஞ்சு நாளும் கசாயம் குடுத்திருக்காங்க.

அது கசாயத்துக்கு அடங்குற நோயில்லைங்க. தொண்டையில தங்குற கிருமி கக்குற நஞ்சு இதயம் வரைக்கும் போகும். 1890-லயே பெர்லின்ல எமில் பேரிங்கும் ஜப்பான்காரர் கிடசாட்டோவும் அதுக்கு எதிர்நஞ்சு கண்டுபிடிச்சிட்டாங்க. பிறகு குதிரைக்கு அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துல இருந்து அந்த மருந்தை எடுத்தாங்க. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901-ல, பேரிங்குக்கு இதுக்குத்தான் கிடைச்சது. அறுபது வருசமாகியும் அது எங்க அமுச்சி திண்ணைக்கு வந்து சேரல.

1978-ல அரசாங்கம் தடுப்பூசித் திட்டம் ஆரம்பிச்சப்ப முத்தடுப்பு ஊசியும் அதுல இருந்துச்சு. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூணுக்கும் ஒரே ஊசி. நான் 1980-ல பொறந்தேன். ஊசி போட்டா காய்ச்சல் வரும்னு ஊரே பயந்த காலத்துல, அமுச்சி என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு ஆறு மைல் நடந்து போய்ப் போட்டுட்டு வந்தாங்களாம். பேரப்பிள்ளைங்க ஒம்பது பேருக்கும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து அதே கையால கசாயமும் வெப்பாங்க. அவங்களுக்கு ரெண்டும் சண்டை போடல.

மாட்டுக்கு வர்ற ஒரு நோய்க்கும் தொண்டை அடைப்பான்னுதான் பேரு. கிருமி வேற, பேரு மட்டும் ஒண்ணு. மழைக்கு முன்னாடி அதுக்கு ஊசி போடணும். நாளைக்குக் காலையில கால்நடை டாக்டர் வர்றார். "மாட்டுக்கு நாள் தவறாம பாக்கறீங்க, பதினெட்டு நாளா உங்க தொண்டையை யாரு பாக்கறது?"ன்னு வூட்டுல கேட்டுட்டாங்க. மாட்டுக்கு ஊசி போட்டதும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறேனுங்க.