மிக்ஸி ஓடும்போதே நின்றுவிடுகிறதா? கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மார்கழிக் குளிரில் கொடைக்கானல் பக்கம் உளுந்து அவ்வளவு சீக்கிரம் ஊறாது. அரைகுறையாக ஊறியதை மிக்ஸியில் போட்டு ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும், சூட்டு வாடை வரும், 'டப்'பென்று நின்றுவிடும். "மிக்ஸி போச்சு" என்று உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. பல நேரங்களில் மிக்ஸிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க, உள்ளே இருக்கும் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் மறுபடி மறுபடி ஓட்டுவதுதான் மிக்ஸியைக் கெடுக்கிறது.

ரெட் பட்டன் எதற்கு?

பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் சிறிய சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். இதுதான் ஓவர்லோடு பாதுகாப்பு. மோட்டார் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி மின்சாரம் இழுத்தால் இந்தப் பட்டன் வெளியே வந்து இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது செய்ய வேண்டியவை:

• ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.
• ஜாரில் இருப்பதில் பாதியை வெளியே எடுங்கள். தேவைப்பட்டால் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.
• மோட்டார் சூடு ஆறும்வரை விடுங்கள். அதன் பிறகே பட்டனை உள்ளே அழுத்துங்கள்.
• குறைவாகப் போட்டும் மறுபடி பட்டன் விழுந்தால், சர்வீஸுக்குக் கொடுப்பதே சரி.

பட்டன் விழாமல் இருக்க டேப் ஒட்டுவது, அதைத் தவிர்த்து நேரடியாக ஒயர் கொடுப்பது போன்ற வேலைகள் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

மோட்டார் ஏன் இவ்வளவு சூடாகிறது?

மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுகிறது. தொடர்ந்து ஓடுவதற்காக அது செய்யப்படவில்லை. பல மிக்ஸிகளின் அடியில் உள்ள பெயர்ப்பலகையில் '30 நிமிடம்' என்று இருக்கும். அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சில நிமிடம் ஓட்டி, சில நிமிடம் ஓய்வு கொடுத்து ஓட்டுவதற்கான கணக்கு அது. சரியான அளவு உங்கள் மிக்ஸியின் கையேட்டில் இருக்கும்.

பிளேடு சிக்கி நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சுற்றும்போது மோட்டாருக்குள் உருவாகும் எதிர் மின்னழுத்தம்தான் மின்சாரத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. சுற்றாமல் நின்றால் அந்தத் தடுப்பு போய், காயிலில் பல மடங்கு மின்சாரம் பாயும். உர்ரென்று சத்தம் மட்டும் வந்து பிளேடு சுற்றவில்லை என்றால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். லோ வோல்டேஜ் நேரத்திலும் இதுதான் நடக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் குறைவாக வந்தால் மோட்டார் திணறும், கெட்டியான பொருளில் நின்றுபோகும். விளக்கு மங்கலாக எரியும் நேரத்தில் மிக்ஸி போடாமல் இருப்பது நல்லது.

மலைக்கு மேலே என்ன வித்தியாசம்?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மிக்ஸி மோட்டாரைக் குளிர்விப்பது அடியில் உள்ள விசிறி இழுக்கும் காற்றுதான். காற்று லேசாக இருந்தால் வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறனும் குறையும். ஊரின் குளிர் இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. எனவே பயப்படத் தேவையில்லை. ஆனால் "குளிர்தானே, சூடாகாது" என்று ஓய்வு கொடுக்காமல் ஓட்டக் கூடாது. அடியில் உள்ள காற்றுத் துளைகளைத் துணி, பேப்பர் விரித்து அடைப்பதும் தவறு.

எதை எப்படி அரைப்பது?

• உளுந்து, அரிசி: குளிர்ந்த தண்ணீரில் தானியம் மெதுவாகத்தான் ஊறும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள், அல்லது கூடுதல் நேரம் விடுங்கள்.
• தேங்காய், இறைச்சி: ஃப்ரிட்ஜில் உறைந்ததை அப்படியே போடாதீர்கள். சிறு துண்டாக்கிப் போடுங்கள்.
• மலைப்பூண்டு: 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை விழுதாக்கும்போது சிறிது எண்ணெய் அல்லது தண்ணீர் விட்டால் பிளேடைச் சுற்றி ஒட்டிக்கொள்ளாது.
• காபிக்கொட்டை, மிளகு: தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் விளைபவை. காய்ந்த ஜாரில், விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகி மணம் போய்விடும்.
• மஞ்சள் கிழங்கு: முழுசாகப் போட்டால் பிளேடு வளையும். உடைத்துப் போடுங்கள். அதிகம் என்றால் மாவு மில்லே மேல்.

ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

சூடாக இருப்பதை அரைத்தால்?

மிக்ஸியால் நேரும் மோசமான காயங்களில் இதுவும் ஒன்று. வதக்கிய தக்காளி, வேகவைத்த பருப்பு, சூப் ஆகியவற்றைச் சூட்டோடு போட்டு மூடினால், பிளேடு சுற்றியதும் சூடான திரவம் ஜார் முழுக்கச் சிதறும். உள்ளே இருக்கும் காற்று விரியும், ஆவி சட்டென்று கூடும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் மூடி தெறித்து, கொதிக்கும் விழுது முகத்திலும் கையிலும் விழும்.

கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். தோலைப் பொசுக்க அந்தச் சூடு தாராளமாகப் போதும். முழுதாக ஆறவிட்டு அரைப்பதுதான் ஒரே பாதுகாப்பான வழி.

விரலும் ஷாக்கும்

ஜாருக்குள் கரண்டியோ கையோ விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தது மட்டும் போதாது. குமிழ் திருகிய நிலையில் இருக்கும்போது கரண்ட் வந்தால் மிக்ஸி தானாக ஓடத் தொடங்கும். மின்தடை ஆனதும் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது நடந்ததுபோல மரங்கள் சாய்ந்து மின்சாரம் போகும் ஊரில் இந்தப் பழக்கம் முக்கியம்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கி மாட்டாதீர்கள். எர்த் இல்லாமல் ஈரக் கையோடு தொட்டால் ஷாக் அடிக்கலாம். மூடுபனிக் காலத்தில் சமையலறை மேடையே ஈரமாக இருக்கும் என்பதால் மிக்ஸியைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மோட்டார் பகுதியைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

எப்போது சர்வீஸ் தேவை?

ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால் வாஷரை உடனே மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் போகும். கப்ளர் பல் தேய்ந்து வழுக்கினாலும், பெரிய தீப்பொறி தெரிந்தாலும், எரியும் வாடை தொடர்ந்தாலும் ஓட்டாதீர்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். புதிது வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4250 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

காயம் பட்டால்

சூடு பட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க் எதையும் வைக்காதீர்கள். வெட்டுக் காயம் என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முகம், கண்ணில் சூடு பட்டாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.